பொருளியல் வேலை, குடும்பம், கரப்பந்து: மூன்றையும் கொண்டுபோக ஏலுமா?

கேள்வி கேட்டவர் பொருளியல் பட்டதாரி. வேலை வவுனியாவில், வீடு கிளிநொச்சியில். மனைவி, இரண்டு பிள்ளைகள். கரப்பந்தை விட மனமில்லை என்கிறார்.

ஏலும். ஆனால் நேர அட்டவணை போட்டு அல்ல.

ஏ9 வீதியில் ஒரு வழி 75 கிலோமீற்றர் அளவு. 4.15க்குக் கையெழுத்து வைத்துப் புறப்பட்டாலும் வீடு சேர ஆறு தாண்டும். கார்த்திகையில் அதற்கு முன்னமே பொழுதுபட்டுவிடும். ஆகக் கிழமை நாட்களில் உங்களுக்குப் பின்னேரமே இல்லை. சனி வயலுக்கும் சந்தைக்கும் போய்விடும். மிஞ்சுவது ஞாயிறு விடிய 6 தொடக்கம் 8.30 வரை, அதற்குப் பிறகு வன்னி வெயில் விடாது. அந்த இரண்டரை மணித்தியாலத்தைக் கழக மைதானத்தில் கழித்தால், அமையச் செலவு, அதாவது அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது, உங்கள் பிள்ளைகளோடு இருக்கும் நேரம்தான். அதனால் வலையை வளவுக்குள் கட்டுங்கள். இதில் என்ன பொருளியல் என்று கேட்கிறவர்கள் கூட்டு உற்பத்தி என்று எழுதிக்கொள்ளட்டும்: ஒரே நேரத்தில் ஆட்டமும் குடும்பமும்.

பொருளியலாளர் கென்னத் ரோகோஃப் சதுரங்கத்தை விட்டுத்தானே மேலே வந்தார் என்றும் சொல்வார்கள். அவர் 1978இல் கிராண்ட் மாஸ்டர், பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர். உங்களுக்கு வேண்டியது பட்டமோ பதவியோ அல்ல, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான். அதற்கு எதையும் விடத் தேவையில்லை.

வளவில் 24 × 15 மீற்றர் வெளி வேண்டும். காணி அளவில் ஒன்றரைப் பரப்புக் காணும். அதற்குள் களம் 18 × 9. நீளப்பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் விடிய வெயில் ஒரு பக்கத்தாரின் கண்ணில் அடிக்கும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள்: 20 மீற்றர் 12 சென்ரிமீற்றர் வராவிட்டால் களம் கோணல். கிரவல் போட வேண்டாம், முழங்கால் தோல் உரியும். நடுவை உயர்த்தி இரு பக்கமும் மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவு விட்டால் தண்ணி நிற்காது.

கம்பத்தில்தான் எல்லாரும் பிழை விடுவது. 20 அடி ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாயை நடுவே வெட்டினால் இரண்டு கம்பம். நிலத்துக்கு மேல் 2.55 மீற்றர், உள்ளே அரை மீற்றர். சும்மா மண்ணால் இறுக்கினால் மாரியில் களி இளகி, வலையின் இழுவைக்குக் கம்பங்கள் உள்ளே சரியும். வலை தொய்யும். கயிற்றை இன்னும் இழுப்பார்கள், கம்பம் இன்னும் சரியும். விலை ஏறுகிறது என்று மேலும் காசு அச்சடிப்பது மாதிரி. இரண்டடிச் சதுரக் கிடங்கில் கொங்கிறீற் போட்டு, ஒரு கிழமை வலை கட்டாமல் விடுங்கள். கொக்கியை மூன்று உயரத்தில் ஒட்டுவியுங்கள்: 2.43 உங்களுக்கு, 2.24 மனைவிக்கு, 2 மீற்றர் பிள்ளைகளுக்கு. உயரத்தை வலையின் நடுவில் அளவுங்கள், கம்பத்தடியில் அல்ல. "மனுசி விளையாட வரமாட்டா" என்கிறவர்கள் 2.24இல் ஒருக்கால் கட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

உண்மையான இடைஞ்சல் ஞாயிறு ரியூசன். புலமைப்பரிசில் என்று பத்து வயதுப் பிள்ளையை ஞாயிறு விடியவும் வாங்கில் இருத்துகிறோம். கேட்டால் எதிர்காலமாம். எதிர்காலத்துக்கும் ஒரு கழிவு வீதம் உண்டு, நாளைய பலனை இன்றைக்குக் குறைத்துத்தான் மதிக்க வேண்டும் என்று தாய் தகப்பனுக்கு யார் சொல்வது? சரி, அது வேறு கதை.

பந்துக்குக் காற்று சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 கிலோ போதும். கல்லுப்போல அடித்தால் கை சிவந்து பிள்ளைகள் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன் வலையைக் கழற்றிக் காயவைத்து, கூரை வளையில் தொங்கவிடுங்கள். சுருட்டி நிலத்தில் வைத்தால் எலி முடித்துவிடும்.