ஆந்தை கொண்டுவந்த கடிதம்

கேள்வி: மாயவித்தை கற்பிக்கும் கல்விக்கூடம் ஒன்றைக் களமாகக் கொண்டு நான் எழுதிய இளையோர் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை, "இது எங்கள் பள்ளிக்கூடம் அல்ல" என்ற ஒற்றை வரியுடன் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மாயக்கதைக்கும் மண்வாசனை வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுபவர்கள் போரையும் இடப்பெயர்வையும் மட்டுமே எழுத வேண்டும் என்று நினைக்கிறீர்களா?
— உயர்தர மாணவி ஒருவர், கோண்டாவில்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. போரின் நிழல் விழாத யாழ்ப்பாணத்து நாவல் ஒன்று வெளிவந்தால், அதை முதலில் வாங்குபவன் நானாகவே இருப்பேன். காரணம் எழுதாமல் ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியது என் சோம்பல். அதற்காக வருந்துகிறேன், அந்த வரியை மட்டும் மீளப் பெறமாட்டேன்.

உங்கள் கதாநாயகியின் வீடு கோப்பாயில் இருக்கிறது. நள்ளிரவில் ஆந்தை ஒன்று கடிதத்தைக் கவ்விக்கொண்டு வந்து யன்னலில் அமர்கிறது; தாயார் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். கோப்பாயில் எந்தத் தாயார் அப்படிச் செய்வார்? ஆந்தை கத்தினாலே யாருக்கு என்ன வரப்போகிறதோ என்று அம்மம்மாமார் திருநீற்றுக் குட்டானைத் தேடும் ஊர் இது. கெட்ட சகுனமாகக் கருதப்படும் பறவை நல்ல செய்தி கொண்டுவந்தால் அந்த வீட்டில் என்ன குழப்பம் நேரும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால், முதல் அத்தியாயம் உங்களுடையதாகியிருக்கும். நீங்களோ அடுத்த பக்கத்திலேயே பிள்ளையைப் புகையிரதத்தில் ஏற்றி, வெண்பனி மூடிய மலைமேல் உள்ள கோட்டைக்கு அனுப்பிவிட்டீர்கள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல ஒன்றில்லாத, மலையே இல்லாத குடாநாட்டுப் பிள்ளை அந்த மலையைக் கண்டு வியக்கக்கூட இல்லை.

மாயக் கல்விக்கூடக் கதையின் எலும்புக்கூடு மாயம் அன்று, பள்ளிக்கூடம். இங்கிலாந்தின் ரக்பி என்ற விடுதிப் பள்ளியைக் களமாக வைத்துத் தோமஸ் ஹியூஸ் 1857 இல் வெளியிட்ட நாவலுக்குப் பின்னர், விடுதி வாழ்க்கை, மூத்த மாணவரின் அதிகாரம், விளையாட்டுப் போட்டி, கண்டிப்பான ஆசிரியர் ஆகியவை ஆங்கிலப் பள்ளிக் கதைகளின் வழமையான சரக்காகிவிட்டன. 1997 இல் ஹரி பொட்டர் அந்தப் பழைய கட்டடத்தின் மேல்தான் கூரை வேய்ந்தான். அதே கட்டடம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துப் பள்ளிகளின் வழியே இங்கும் வந்து, இன்றுவரை நிற்கிறது. இல்லங்களாகப் பிரிந்து, இல்லத்தை அலங்கரித்து, மெய்வல்லுநர் போட்டியன்று தொண்டை கிழியக் கத்திய உங்களுக்கு, நான்கு இல்லங்களை ஹரி பொட்டரின் ஸ்கொட்லாந்தில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டிய தேவை என்ன?

இதைவிட எனக்கு மனத்தாங்கலான விடயம் ஒன்றுண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கி, 1855 இல் மூடப்பட்ட செமினரியைப் பற்றி நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். சிறுவர்கள் வீட்டை விட்டுவந்து தங்கி, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் பயின்ற இடம் அது. 1829 இல் சந்திர கிரகணம் பற்றி அதன் அதிபர் டானியல் பூவரின் கணக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கும் முரண்பட, எது பலிக்கும் என்று பார்க்க ஆட்கள் வானத்தை நோக்கிக் காத்திருந்தார்கள். எந்த மந்திரவாதிகளின் மோதல் இதற்கு ஈடாகும்? அந்த மிஷன் பள்ளிகளில், பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரை மாணவருக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று இன்றும் நாம் சொல்லும் பெயர்களின் முற்பாதி அப்படி வந்து ஒட்டியதுதான். வாசலில் பிள்ளையின் பெயரை வாங்கிவைத்துக்கொண்டு வேறு பெயர் கொடுக்கும் கல்விக்கூடம் ஒன்றைக் கற்பனை செய்துபாருங்கள். பழைய பெயர் எங்கே போகிறது? அதை யார் வைத்திருக்கிறார்கள்?

பெயருக்கும் மாயத்துக்கும் உள்ள உறவை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின் 1968 இலேயே, தீவுகளால் ஆன ஓர் உலகில், ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கே அதன்மீது ஆற்றல் உண்டு என்ற விதியை வைத்து மந்திரப் பள்ளி ஒன்றை எழுதினார். அங்கே போய்ச் சேர்பவன் ஆடு மேய்த்த, செம்பு நிறத் தோலுடைய சிறுவன். கோட்டையும் வெண்பனியும் இந்த வகைக் கதைக்குக் கட்டாயம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவர் அதை வாசிக்காதவர். தீவு வேண்டுமென்றால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் வாருங்கள். முருகைக்கல் மதில்களுக்கிடையே குதிரைகள் தம்பாட்டில் திரியும் அந்த இடத்தில் மாயத்தை நீங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.

உங்கள் மந்திரங்கள் அனைத்தும் இலத்தீன்போல ஒலிப்பதையும் சொல்ல வேண்டும். "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்று தொல்காப்பியம் சொல்கிறது. சொல்பவரின் சொல் நிறைந்திருந்தால்தான் மந்திரம் பலிக்கும் என்பது அதன் உட்கிடை. பொய் சொன்ன மாணவியின் மந்திரம் ஒரு கிழமைக்குப் பலிக்காது என்று அதிலிருந்து ஒரு விதி செய்யலாம். உங்கள் கதையிலோ கோலை அசைத்தால் எல்லாம் நடக்கிறது, எதற்கும் விலையில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் மட்டும் என்னைத் திரும்ப வாசிக்க வைத்தது. இடாப்பில் ஓரெழுத்து மாறி எழுதப்பட்ட பெயரை ஆசிரியர் வாசிக்க, அது தன் பெயரில்லை என்று சொல்லத் துணியாமல் கதாநாயகி எழுந்து நிற்கிறாளே, அந்தப் பக்கம். அது உங்கள் பள்ளியில் நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு மிகுதியை மீண்டும் எழுதி அனுப்புங்கள். தபாலில் அனுப்பினால் போதும்.

— ஆசிரியர்