கருப்பு ஸ்கிரீன்ல படிக்கறது: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கமுங்க. கோபி பக்கமிருந்து எழுதறேன், பெருந்துறைல ஒரு மில்லுல சிஸ்டம் அட்மினா சேர்ந்து 4 மாசம் ஆச்சு. சீனியர்கிட்ட எதைக் கேட்டாலும் "மேன் பேஜைப் படி"ங்கறார், அதான் லினக்ஸ்ல கமாண்டுகளோட கூடவே வர்ற மேனுவல். திறந்தா நீளமா ஓடுது, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. போன்ல தேடுனா ரெண்டு நிமிசத்துல பதில் வந்துருது. நீங்களும் டபிள்யூ3எம்ங்கற டெர்மினல் பிரவுசர்ல படிங்கன்னு எழுதியிருந்தீங்க. படமே தெரியாத பிரவுசர்ல எதுக்குங்ணா படிக்கோணும்?

தம்பி, வணக்கமுங்க.

உங்க சீனியர் சொல்றது சரிதானுங்க, ஆனா எப்படிப் படிக்கறதுன்னு காட்டாம படி படின்னா யாருக்கும் ஓடாது. என்ற கதையவே சொல்றேன்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு சர்வர் பார்த்துட்டு இருந்தேன். பேக்கப்புக்குன்னு ஒரு டிஸ்க்கை வெளிய மாட்டி, பூட் ஆகறப்ப எந்த டிஸ்க்கை எங்க சேர்க்கறதுன்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி சேர்த்துட்டு வந்துட்டேன். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயி வந்துச்சு, டிஸ்க்கோட அடாப்டர் அதுல போயிருச்சு. சர்வர் ஒண்ணரை நிமிசம் அந்த டிஸ்க்கைத் தேடிப் பார்த்துட்டு நேரா எமர்ஜென்சி மோடுக்கு, அதாவது ரிப்பேர் பண்ண மட்டும் ஆகற நிலைக்குப் போயிருச்சு. காலைல ஆளுக வந்தா பில் போடோணும், நெட்வொர்க் மேல வரல, அந்த ரூமுக்குள்ள போனுக்கு ஒரு புள்ளி சிக்னல் இல்ல. இருந்தது ஒரு மானிட்டரும் கீபோர்டும்தான்.

டபிள்யூ3எம்மேன்னு அடிச்சு எஃப்எஸ்டேப்போட 5-ஆம் செக்சனைத் திறந்தேன், மேன் பேஜ்ல ஃபைலை எப்படி எழுதறதுன்னு சொல்ற பகுதி அது. இது டபிள்யூ3எம் கூடவே வர்றது, மேன் பேஜையே வெப் பேஜ் மாதிரி காட்டும், ஒரு பக்கத்துல இன்னொரு பக்கத்தோட பேர் வந்தா அது லிங்க் ஆயிரும். ஸ்லாஷ் போட்டுத் தேடுனா நோஃபெயில்ங்கற ஆப்ஷன் வந்துச்சு: டிவைஸ் இல்லீன்னா எர்ரர் சொல்லாதேன்னு அர்த்தம். கீழ டிஸ்க்கைச் சேர்க்கற மவுண்ட் கமாண்டுக்கு லிங்க் இருந்துச்சு, டேப், என்டர், படிச்சேன், பெரிய பி அடிச்சுத் திரும்பி வந்தேன். அப்புறம் பூட்டைக் கவனிச்சுக்கற சிஸ்டம்டியோட மவுண்ட் பக்கத்தைத் திறந்தா, நோஃபெயில் போட்டா பூட் ஆகறதுக்கு அந்த டிஸ்க் கட்டாயமில்லைன்னு தெளிவா போட்டிருக்கு. அந்த வரில ஒரு கமா, ஒரு வார்த்தை, ரீபூட், அவ்வளவுதான்.

போன்ல தேடறது தப்புன்னு நான் சொல்லலைங்க. ஆனா அந்தப் பதில் எந்த வெர்ஷனுக்கு எழுதுனதுன்னு பார்த்தீங்ளா? போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையே எடுத்துக்குங்க. ரெப்ளிகாவுக்கு, அதாவது நகல் சர்வருக்கு, ரெகவரி டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல் வைன்னு பழைய பதில்க இன்னும் நெட்ல கெடக்குது. 2019-ல வந்த 12-ஆம் வெர்ஷன்ல அதை எடுத்துட்டாங்க, அந்த ஃபைல் இருந்தா சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. உங்க மெஷின்ல இருக்கற வெர்ஷனுக்கான டாக் பேக்கேஜைப் போட்டுக்கிட்டா முழு மேனுவலும் எச்டிஎம்எல்லா யூஎஸ்ஆர் ஷேர் டாக் கீழ உக்காந்திருக்கும். அதை லெஸ்ங்கற ஃபைல் படிக்கற கமாண்டுல திறந்தா வெறும் டேகா தெரியும், டபிள்யூ3எம்-ல திறந்தா பொருளடக்கத்துல இருந்து எந்த அத்தியாயத்துக்கும் ஒரு என்டர்தான்.

படம் தெரியலைன்னு கேட்டீங்க, மேனுவல்ல படிக்க வேண்டியது எழுத்துதானுங்களே. 1992-ல கான்சஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச லின்க்ஸ்ங்கற இதே மாதிரி எழுத்து பிரவுசர் இன்னைக்கும் ஓடிட்டு இருக்குது, கண்ணு தெரியாதவங்க பிரெய்ல் டிஸ்ப்ளேவோட அதை வச்சு வேலை செய்யறாங்க. எனக்கு என்னமோ டேபிள் நல்லா வர்றதால டபிள்யூ3எம்தான் கைக்குப் பழகிருச்சு.

ஒண்ணு மட்டும் இப்பவே செஞ்சுருங்க: நெட் நல்லா இருக்கறப்பவே ஒவ்வொரு சர்வர்லயும் டபிள்யூ3எம்மும் வேணுங்கற டாக் பேக்கேஜும் போட்டு வைங்க. உபுண்டு மினிமல் இமேஜா இருந்தா மேன் பேஜையே எடுத்துட்டுத்தான் குடுப்பாங்க, அன்மினிமைஸ்னு ஓட்டித் திரும்பக் கொண்டு வரோணும்.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கல்ல, குறிச்ச நேரத்துல வேலையைத் தானா ஓட்ட வைக்கற கிரான்டேப்ல ஆரம்பிங்க. சும்மா மேன் கிரான்டேப்னு அடிச்சா 1-ஆம் செக்சன் வரும், அதுல கமாண்டைப் பத்தி மட்டும்தான் இருக்கும், நேரம், தேதி, கிழமை குறிக்கற அஞ்சு கட்டத்துல என்ன எழுதறதுன்னு 5-ஆம் செக்சன்லதான் இருக்கு, நிறையப் பேரு அந்த நம்பரைப் போடாமயே "இதுல ஒண்ணுமில்ல"ன்னு மூடிடறாங்க. அந்தப் பக்கத்துல தேதி, கிழமை ரெண்டையும் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு பத்தி வரும். 1-ஆம் தேதி, திங்கக்கிழமைன்னு ரெண்டையும் போட்டா ரெண்டும் சேர்ந்து வர்ற நாள்ல மட்டும் ஓடும்னு நினைப்போம். அப்படியில்லைங்க, எல்லா 1-ஆம் தேதியும் ஓடும், எல்லாத் திங்கக்கிழமையும் ஓடும். அந்தப் பத்தியைப் படிச்சுப்போட்டு உங்க மில்லு சர்வர்ல எந்த ஜாப்லயாவது ரெண்டு கட்டமும் நிரப்பியிருக்காங்களான்னு பாருங்க, இருந்தா எனக்கு எழுதுங்க.