கடைமடையில் எந்தப் போராட்டம்?

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். மனிதன் இயற்கையோடு, சமூகத்தோடு, தன்னோடு மோதுவது என்று கதைகளை மூன்றாகப் பிரித்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘குருதிப்புனல்’ சமூகம், ‘பாயசம்’ அகம் என்று வைத்துவிட்டேன். இயற்கைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்ல முடியுமா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

நீங்கள் அடுக்கி வைத்ததை முதலில் கொஞ்சம் கலைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பின்னணி, கூலித் தகராறு. இந்திரா பார்த்தசாரதி அதை ‘குருதிப்புனல்’ நாவலாக்கியபோது பண்ணையாரின் ஆண்மைக்குறையை உள்ளே கொண்டுவந்தார். கூலிப் போராட்டத்தை ஒரு ஆளின் மனக்கோளாறாகச் சுருக்கலாமா என்று இடதுசாரிகள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் பாதிக்கு மேல் உடன்பாடு. ஆனால் உங்கள் கட்டுரை தொடங்க வேண்டிய இடம் அதுதான். ‘சமூகம்’ என்று நீங்கள் வைத்த நாவலின் நடுக்கூடத்தில் ‘அகம்’ சட்டமாக உட்கார்ந்திருக்கிறதே! தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ சிறுகதை இதற்கு நேர் எதிர்த் திசை. அதில் வரும் சாமநாதுவின் பொறாமை அவர் நெஞ்சுக்குள் இருப்பதுதான், சரி. அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணமும் அதற்குத் திரண்ட ஊரும் இல்லாமல் அது பாயசத்தைக் கவிழ்க்கும் அளவுக்குப் போயிருக்குமா?

இயற்கைக்கு வருகிறேன். எங்கள் நிலம் கடைமடை, வாய்க்காலின் கடைசி முனை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். சில வருஷம் வராது. மழை பொய்த்தது இயற்கை. மேலே மடையை அடைத்துக்கொண்டவர்? அப்படி ஒரு வருஷம் அப்பா ராத்திரி மண்வெட்டியோடு போய்ப் பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டு வந்தார். எங்கள் நாற்று பிழைத்தது. காலையில் அந்த மனிதர் டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்து, “நேத்து உங்களுக்குத் தண்ணி வந்துச்சா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அறுவடை வரை அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

அதனால் இயற்கைக்கென்று தனியாக ஒரு கதை சொல்லப் போவதில்லை. புயலோ வெள்ளமோ வரும் கதை எது கிடைத்தாலும் எடுங்கள். காற்று ஓய்ந்து, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் என்ற பேச்சு எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். பரீட்சைத் தாளில் மூன்று தலைப்பும் இருக்கட்டும், மதிப்பெண் வேண்டுமே. கட்டுரையில் அந்தக் கோடுகளைப் பற்றி எழுதுங்கள்.

முடித்ததும் அனுப்புங்கள். சாமநாது பகுதியை முதலில் படிப்பேன்.