நெய்வேலி பக்கத்தில் இருந்தால் கணக்கு மாறுமா?

கேள்வி: ஐரோப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய நிறுவனத்தின் கடலூர் கிளையில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எல்லா நாட்டுக் கிளைகளும் ஆண்டுக்கான கார்பன் உமிழ்வைத் தெரிவிக்க வேண்டும் என்று ஓர் எக்செல் படிவம் வந்துள்ளது. நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால், எங்கள் மின்சாரத்தைப் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகவே கணக்கிட வேண்டுமா? வேறு எவற்றைச் சேர்க்க வேண்டும்?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: வேண்டாம். நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரம் நேராக மஞ்சக்குப்பத்துக்கு வருவதில்லை, மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. 2013 டிசம்பர் இறுதியில் தென்னக மின்தொகுப்பும் பிற மாநிலங்களின் தொகுப்போடு இணைக்கப்பட்டுவிட்டதால், மத்திய மின்சார ஆணையம் நாடு முழுமைக்கும் ஒரே சராசரியை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்குச் சுமார் 0.73 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பழுப்பு நிலக்கரியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டும்.

இதைவிடப் பெரிய பிழை படிவத்திலேயே இருக்கக்கூடும். தலைமையகம் பிரான்சில் இருந்து, அந்நாட்டு மின்சாரத்தின் சராசரி எண்ணை எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாகப் போட்டிருந்தால், உங்கள் உமிழ்வு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டப்படும்; அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி அணு உலைகளிலிருந்து வருகிறது. ஆகவே யூனிட்டை இந்த எண்ணால் பெருக்கி வந்த விடையை மட்டும் அனுப்பாதீர்கள். யூனிட், லிட்டர், கிலோ என்று அளவுகளை அனுப்புங்கள். பெருக்கலைத் தலைமையகம் ஒரே இடத்தில் செய்யட்டும். காற்றாலை மின்சாரத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கினால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றும், பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடுவதற்கான ஜி.ஹெச்.ஜி. புரோட்டோகால் நெறிமுறை, 2015 முதல் மின்சாரத்துக்கு இரண்டு கணக்குகளைக் கேட்கிறது: தொகுப்பின் சராசரிப்படி ஒன்று, ஒப்பந்தத்தின்படி இன்னொன்று.

தாழ்வழுத்த இணைப்பாக இருந்தால் மின் ரசீது இரு மாதங்களுக்கு ஒரு முறைதான் வரும். தலைமையகத்தின் ஆண்டு பெரும்பாலும் டிசம்பரில் முடியும். டிசம்பர் நடுவில் தொடங்கும் ரசீதை நாட்கணக்கில் பிரித்துக்கொண்டு, மதிப்பீடு என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். தனி மீட்டர் இல்லாவிட்டால், கட்டடத்தின் மொத்த யூனிட்டை நீங்கள் வாடகைக்கு எடுத்த சதுர அடி விகிதத்தில் பிரிக்கலாம். உங்கள் சொந்த ஜெனரேட்டராக இருந்தால் டீசலை லிட்டரில் எழுதுங்கள். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கட்டட உரிமையாளருடையதாக இருந்தால், அது நீங்கள் விலைக்கு வாங்கும் மின்சாரம். நேரடி உமிழ்வில் சேராது.

பலரும் கோட்டைவிடுவது ஏ.சி. கேஸில்தான். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்; தொகுப்பு மின்சாரத்தில் ஏறத்தாழ 2,700 யூனிட் செலவழித்ததற்கு ஈடு. நம் ஊர் சர்வீஸ் ரசீதிலோ "கேஸ் டாப்-அப்" என்ற இரண்டு சொற்களும் ஒரு தொகையும்தான் இருக்கும். எந்த வாயு, எத்தனை கிலோ என்று மெக்கானிக் எழுதித் தந்த பிறகே பணம் கொடுங்கள். பழைய ஏ.சி.யில் ஆர்-22 வாயு இருந்தால், ஜி.ஹெச்.ஜி. நெறிமுறைப்படி அது மொத்தத்தில் சேராது. தனி வரியில் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் புதுச்சேரி அலுவலகத்துக்கு ஊழியர்கள் விழுப்புரம், கடலூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்தப் பயணமும் கணக்கில் வருமா?
- வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: வரும். நேரடி உமிழ்வு முதல் பிரிவு, விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் பிரிவு. மூன்றாம் பிரிவில், அதாவது நிறுவனத்தின் கைக்கு வெளியே நடந்தாலும் அதன் பொருட்டே நிகழும் உமிழ்வில், மொத்தம் 15 வகைகள் உள்ளன. ஊழியர் போக்குவரத்து அவற்றில் ஒன்று. ஊர், தொலைவு, வாகனம், வாரத்தில் வரும் நாட்கள் ஆகிய நான்கையும் கேட்டுச் சிறிய படிவம் ஒன்றைச் சுற்றுக்கு விடுங்கள். நிறுவனமே வேன் அமர்த்தியிருந்தால் அதில் வருபவர்களைத் தனியே குறியுங்கள். வேனின் டீசலையும் அவர்களின் கிலோமீட்டரையும் சேர்த்து எழுதினால் ஒரே பயணம் இருமுறை எண்ணப்பட்டுவிடும்.