இருபது சதவீத ஊர், பத்து சதவீத ஊர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கடலூர் பக்கம். பிள்ளைகளின் படிப்புக்காகப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது காஷ்மீரில் இருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 34,900. புதுச்சேரி கணக்கில் வீட்டு வாடகைப்படி 6,980 வருகிறது. பிடித்தமும் ஊரில் மனை வாங்கிய கடனும் போக மாதம் 40,000 அனுப்புகிறார்.

இதுவரை வாடகை 9,500. அடுத்த மாதத்திலிருந்து 11,500 வேண்டும் என்கிறார் ஹவுஸ் ஓனர். கேட்டால், "உங்க வீட்டுக்காரர் மிலிட்டரி, டி.ஏ. ஏறிக்கிட்டேதானே இருக்கு" என்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், வேன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,16,000. என் தம்பி 2023-ல் நான்கு வருட ராணுவ வேலையான அக்னிவீரராகச் சேர்ந்தான். அவனுக்கு டி.ஏ. என்பதே கிடையாதாம்.

சொந்தக்காரர்கள் நாங்கள் ஏதோ பதுக்கி வைத்திருப்பதுபோலப் பேசுகிறார்கள். பட்டாளத்துச் சம்பளம் உண்மையிலேயே விலைவாசிக்கு ஈடுகொடுக்கிறதா? கடலூரில் 7,000 ரூபாய்க்கு ஒரு வீடு இருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஹவுஸ் ஓனர் சொன்னதில் பாதி சரி. மறு பாதி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சம்பளப் பட்டியலை வரி வரியாகப் படிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். என் அப்பா அப்படிப் படிப்பவர். ராணுவத்தில் நாயக்காக ஓய்வு பெற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தார். டி.ஏ., அதாவது விலைவாசிக்கு ஏற்றபடி ஏறும் பஞ்சப்படி, உயர்ந்த செய்தி பேப்பரில் வந்தால் பிளேடால் வெட்டி நோட்டில் ஒட்டிவிடுவார். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரும் அதே பேப்பரைத்தான் வாங்கினார் என்பதை அப்பா பெரிதாக நினைத்ததில்லை. அம்மா நினைத்தார்.

ஏழாவது ஊதியக் குழு 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குப் பூஜ்யத்தில் தொடங்கிய பஞ்சப்படி 2025 ஜூலைக் கணக்கில் 58 சதவீதம். உங்கள் கணவருக்கு அடிப்படைச் சம்பளம் 34,900, ராணுவப் பணி ஊதியம் 5,200. இரண்டையும் சேர்த்த 40,100-க்கு 58 சதவீதம் என்றால் 23,258 ரூபாய். சின்னத் தொகை இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் என்று பார்த்தால் இந்தப் பணம் விலையோடு ஓரளவு கூடவே ஓடி வந்திருக்கிறது. இடையில் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தார்கள். பிறகு விகிதத்தைக் கூட்டினார்கள், ஆனால் அந்தப் பதினெட்டு மாத நிலுவையைத் தரவில்லை. அதை விட்டுவிட்டால், மளிகையைப் பொறுத்தவரை உங்கள் ஹவுஸ் ஓனர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம்.

வாடகைக்கு வருவோம். 2017 ஜூலையில் புதிய வாடகைப்படி வந்தபோது புதுச்சேரிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 16 சதவீதம். பஞ்சப்படி 25-ஐத் தாண்டினால் 18, 50-ஐ எட்டினால் 20 என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். 2021 ஜூலையில் 18 ஆனது, 2024 ஜனவரியில் 20. இதற்கு மேல் ஏற வழியே வைக்கவில்லை. உங்கள் 34,900-ஐயே வைத்துப் பார்த்தால் 5,584-லிருந்து 6,282, அப்புறம் 6,980. விலைவாசி 58 சதவீதம் ஏறிவிட்டதாக அரசே ஒப்புக்கொள்கிற அதே பட்டியலில், வாடகைப்படி ஏறியிருப்பது 25 சதவீதம்.

ஆண்டுக்கு 3 சதவீத இன்கிரிமென்ட் உண்டே என்று யாராவது சொல்வார்கள். அது சர்வீஸ் கூடுவதற்குக் கொடுப்பது. அதையும் விலைவாசிக் கணக்கில் போட்டால், பத்து வருடம் எல்லைக்காவல் பார்த்ததற்கு என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது.

பள்ளிக்கூடத்துக்கும் இதே கதைதான். குழந்தை ஒன்றுக்கு மாதம் 2,250-ஆக இருந்த கல்விப்படி, 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு. இதுவும் சொல்லி வைத்தாற்போல 25 சதவீதம். அடுத்த உயர்வுக்குப் பஞ்சப்படி 100-ஐத் தொட வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு 67,500 வரும், நீங்கள் கட்டுவது 1,16,000. அதுவும் படிப்பு வருடம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பள்ளிக்கூடமோ ஜூன் மாதமே கேட்கிறது. இடையில் நகை எங்கே போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை, எங்கள் வீட்டிலும் அது போய் வந்த இடம்தான்.

உங்களைக் கடிப்பவை இந்த இரண்டு இனங்கள்தான். குறைவாக ஏறியிருப்பவையும் இவையே. "டி.ஏ. ஏறுகிறதே" என்பவரிடம் "ஆமாம், ஏறுகிறது" என்று சொன்ன பிறகும் உங்கள் பர்ஸ் காலியாக இருப்பது ஏன் என்ற குழப்பம் இங்கிருந்து வருகிறது.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பஞ்சப்படியைக் கணக்கிட உதவும் தொழிலாளர் விலைக் குறியீட்டை நாடு முழுக்க 88 மையங்களில் விலை கேட்டுத் தயாரிக்கிறார்கள். அதில் உணவுக்குத் தரப்பட்ட எடை 39.17, வீட்டுக்கு 16.87. நீங்கள் 11,500 கொடுத்தால் கைக்கு வரும் 40,000-ல் வாடகை மட்டும் நூற்றுக்கு 29 போய்விடும். உங்கள் கணவருக்கோ அங்கே ரேஷன் உண்டு, சாப்பாட்டுச் செலவு வீட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. அதனால் உங்கள் குடும்பத்தில் சாப்பாட்டின் பங்கு குறைந்து வாடகையின் பங்கு கூடிவிடுகிறது. குறியீடு வேறு ஒரு குடும்பத்தை மனதில் வைத்து நடக்கிறது.

உலகம் முழுக்க இப்படித்தானா என்றால், இல்லை. அமெரிக்கப் படையில் ஒவ்வொரு பகுதியின் அஞ்சல் குறியீட்டையும் வைத்து ஆண்டுதோறும் உண்மையான வாடகையை விசாரித்து வீட்டுப்படி தருகிறார்கள். ஐந்து சதவீதத்தை மட்டும் வீரர் கையிலிருந்து போடவேண்டும் என்பது அங்கே கணக்கு. நம்மிடம் மொத்தம் மூன்றே எழுத்துகள்: எக்ஸ், ஒய், இசட். 50 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் எக்ஸ், ஐந்து லட்சத்திலிருந்து அதுவரை ஒய், மற்றதெல்லாம் இசட். அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி. புதுச்சேரி ஒய். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆன பிறகும் இசட்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில் 20 சதவீதம் பத்தாகிவிடுகிறது. பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் கடலூர்க்காரர்கள் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் போவார்கள். வாடகைப்படிக்காகவும் தாண்ட வேண்டியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் ஹவுஸ் ஓனரின் "மிலிட்டரி" என்ற வார்த்தையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது என் ஊகம்தான். புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படை வீரர், நிற்கிறார். 1962-ல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். பென்ஷன் பிரான்ஸ் விலைவாசிக்கு ஏற்றபடி ஏறும், செலவு செய்வதோ பெரிய மார்க்கெட்டில் ரூபாயில். எழுபதுகள், எண்பதுகளில் மாடி கட்டிய சொல்தா வீட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பட்டாளத்துக்காரர் என்றால் கையில் பணம் இருக்கும் என்ற எண்ணம் இங்கே ஒரு தலைமுறைக்கு மேல் ஊறிப்போயிருக்கிறது. இந்திய ராணுவ ஹவில்தாரின் மனைவியிடம் பிரெஞ்சுப் பென்ஷன் கணக்கில் வாடகை கேட்பது நியாயமில்லை, என்ன செய்ய.

அதே பிரான்ஸ் இன்னொன்றும் செய்தது. 1959 டிசம்பரில் ஒரு நிதிச் சட்டம் கொண்டுவந்து, தனக்காகப் போரிட்ட மொராக்கோ, துனிசியா போன்ற நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றைய தொகையிலேயே உறைய வைத்துவிட்டது. குண்டு பட்டது ஒரே போரில், ஆனால் குடியுரிமை பார்த்து ஒருவருக்கு ஏறியது, ஒருவருக்கு நின்றது. 2006-ல்தான் அதில் ஒரு பகுதியையாவது சமமாக்க முடிவெடுத்தார்கள். அதற்குள் பல பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

உங்கள் தம்பி விஷயத்தைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அக்னிவீரருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000, நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதம், நான்கு வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய்விடும். கைக்கு 21,000-ல் தொடங்கி 28,000-ல் முடியும். பஞ்சப்படியும் ராணுவப் பணி ஊதியமும் கிடையாது. அவன் ஒருவனைப் பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, உண்மை. ஆனால் 2022-ல் அறிவித்த அதே 30,000-தான் 2025-ல் சேர்ந்தவனுக்கும். பழைய முறையில் சேர்ந்த சிப்பாய்க்கு அடிப்படை 21,700, பணி ஊதியம் 5,200. அந்த 26,900-க்கு 2022 ஜூலையில் பஞ்சப்படி 38 சதவீதம், 10,222 ரூபாய். 2025 ஜூலையில் 15,602. ஒரு இன்கிரிமென்ட்கூடப் போடாமல் மூன்று வருடத்தில் கூடியது 5,380 ரூபாய். ஒரே பாரக்கில் படுத்து எழுந்திருக்கிற இருவரில் ஒருவனுக்கு மட்டும் விலைவாசி உண்டு என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான்கு வருடம் முடிந்து நூற்றுக்கு 25 பேர்தான் தொடர்வார்கள். உங்கள் தம்பியிடம் இப்போதே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். சேவா நிதிப் பணத்தை நம்பிச் சொந்தக்காரர்கள் யாரும் கடன் கேட்டு வருவதற்கு முன்னால்.

எட்டாவது ஊதியக் குழு வந்தால் சரியாகிவிடும் என்று உங்கள் கணவரின் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைத்த குழுவுக்கான ஆய்வு வரம்பை 2025 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை ஏற்றது. அறிக்கைக்கு 18 மாதம் அவகாசம். அதுவரை உங்களுக்கு அதே 20 சதவீதம்தான். அடுத்த வாடகை உயர்வும் அதற்கு முன்பே வந்துவிடும்.

இனி வீட்டுக் கணக்கு. புதுச்சேரியில் 11,500 கொடுத்தால், 6,980 போக உங்கள் கையிலிருந்து 4,520. கடலூருக்குப் போனால் வாடகைப்படி பாதியாகி 3,490 ஆகிவிடும், 7,000 ரூபாய் வாடகைக்குக் கையிலிருந்து 3,510. ஆக, சாமான் ஏற்றி இறக்கி, அட்வான்ஸ் பிரச்சினை எல்லாம் பார்த்து, மாதம் மிச்சமாவது 1,010 ரூபாய். பள்ளியை மாற்றாவிட்டால் இரண்டு பிள்ளைகளின் வேன் கட்டணமே அதை விழுங்கிவிடும். மாற்றினால் பிள்ளைகள் நடுவில் போய் வேறு பள்ளியில் உட்கார வேண்டும்.

ஹவுஸ் ஓனரிடம் 10,500 என்று பேசிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் கையிலிருந்து போவது 3,520. கடலூர் வீட்டைவிடப் பத்து ரூபாய்தான் அதிகம். பேசப் போகும்போது பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாடகைப்படி வரியைப் பேனாவால் கோடிட்டு.