டேங்க் கிடைக்கும், காற்று நிரப்புகிறவர் கிடைப்பாரா? கரை டைவிங் கேள்வி பதில்

படகும் வழிகாட்டியும் இல்லாமல், சின்னத் தீவு ஒன்றில் மூச்சுக்காற்று டேங்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கரையிலிருந்தே நடந்து இறங்கி டைவ் செய்ய நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். டைவிங் சான்று இன்னும் வாங்காதவர்களுக்கு இது இல்லை. அதை முடித்துவிட்டு வாருங்கள்.

நானும் கணவரும் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்று முடித்து 20 டைவ் ஆகிறது. கடைக்கு எழுதிக் கேட்டால், "டேங்க் மட்டும் தர மாட்டோம், வழிகாட்டியோடுதான்" என்கிறார்கள். காசு பிடுங்கப் பார்க்கிறார்களா அண்ணா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் வேறு. சில இடங்களில் சட்டமோ கடல் பூங்கா விதியோ வழிகாட்டியைக் கட்டாயமாக்கியிருக்கும். சில இடங்களில் கடையின் காப்பீடு இடம் தராது. இன்னும் சில இடங்களில் இருக்கிற டேங்கே படகுக்குப் போதாது, அதை வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட விதத்தையும் ஒருமுறை பாருங்கள். "தனியாக டைவ் செய்யப் போகிறோம்" என்று எழுதினால், துணையே இல்லாமல் ஒற்றை ஆளாக இறங்கப் போவதாகப் புரிந்துகொள்வார்கள். நாங்கள் இரண்டு பேர், இந்தச் சான்று, இத்தனை டைவ், கடைசியாக இறங்கியது இந்த மாதம், இத்தனை நாளைக்கு இத்தனை டேங்க் வேண்டும், முதல் நாள் உங்கள் ஆளோடு ஒரு சோதனை டைவ் செய்யத் தயார் என்று எழுதுங்கள். அந்தச் சோதனை டைவ் வரியைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் பாதி பயம் போய்விடும். உங்களுக்கும் லாபம்தான்: எங்கே இறங்கலாம், எங்கே ஏறலாம், நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைசி டைவ் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஏழு நாள் பயணம், இரண்டு பேர், ஒரு நாளைக்கு மூன்று டைவ். மொத்தம் 42 டேங்க் முன்பதிவு செய்ய வேண்டுமா?

கையில் ஒரே நேரத்தில் ஆறு டேங்க் இருந்தால் போதும். காலியானதைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்வதுதான் எங்கும் வழக்கம். டேங்க் எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், காற்று நிரப்பும் இயந்திரமான கம்ப்ரஸரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சின்னத் தீவில் நிஜமான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தீவு முழுக்க ஒரே கம்ப்ரஸர் இருக்கலாம். அதை ஓட்டத் தெரிந்தவர் படகில் போயிருக்கலாம். மாலை ஐந்துக்குக் கதவு மூடினால் இரவு டைவுக்கு வழியில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றால் முந்தின நாளே இரண்டு நாள் டேங்கைச் சேர்த்து வாங்க வேண்டும்.

அதனால் பணம் கட்டும் முன் இதையெல்லாம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். காற்று எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிரப்புவீர்கள்? மாற்று டேங்க் தயாராக இருக்குமா, காத்திருக்க வேண்டுமா? விடுமுறை எந்த நாள்? இரவில் வெளியே பூட்டிய கூண்டு மாதிரி ஏதாவது வைத்து, அதன் சாவி தருவீர்களா? கம்ப்ரஸர் பழுதானால் அடுத்த வழி என்ன? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால், அந்தத் தீவில் இன்னொரு கடையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் வரம்பில்லாத வாரத் திட்டம் சில கடைகளில் உண்டு. நாளைக்கு மூன்று டைவ் நிச்சயம் என்றால் அது நல்லதுதான். ஆனால் நாலாவது நாள் காது வலிக்கும், ஐந்தாவது நாள் சோம்பல் வரும். நாளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அப்போதும் லாபமாக இருந்தால் எடுங்கள்.

இதற்கென்றே பேர்போன தீவு எது?

கரீபியனில் உள்ள பொனேர். சாலையோரம் டைவ் தளத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கற்களை வைத்திருப்பார்கள். பிக்கப் வண்டியில் டேங்கைப் போட்டுக்கொண்டு, கல்லைப் பார்த்து நிறுத்தி, நடந்து இறங்க வேண்டியதுதான். தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் கடல் பூங்கா. கட்டணம் கட்டி, அறிமுக விளக்கம் கேட்டு, சோதனை டைவ் முடித்த பிறகுதான் மற்ற இடங்களில் இறங்கலாம். காற்று அங்கே பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். எந்தத் தீவானாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: காற்றுக்கு மறைவான பக்கம் எது, அந்தப் பக்கம் சாலை போகிறதா.

என் ரெகுலேட்டர் (டேங்கில் மாட்டி மூச்சிழுக்கும் கருவி) டின் வகை. அங்கே யோக் டேங்க்தான் இருக்கும் என்கிறார்களே?

டின் திருகி உள்ளே போவது, யோக் வால்வின் மேல் கவ்விப் பிடிப்பது. டின் ரெகுலேட்டரை யோக் வால்வில் மாட்ட அடாப்டர் உண்டு, கைக்கு அடக்கமானது, எடுத்துப் போங்கள். இரண்டுக்கும் பொருந்துகிற வால்வு என்றால் நடுவில் ஒரு செருகு இருக்கும். ஆலன் கீயால் கழற்றினால் டின் நேராக ஏறும். டேங்கில் அழுத்தம் இருக்கும்போது வால்வை நன்றாக மூடி, உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றிய பிறகுதான் அந்தச் செருகில் கை வைக்க வேண்டும். உங்களிடம் இருப்பது யோக், கடையில் டின் மட்டும்தான் என்றால் வழி குறைவு. அதை முன்னாலேயே கேளுங்கள்.

கடையில் டேங்கை எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்? நான் அழுத்தம் மட்டும்தான் பார்ப்பேன்.

நான் அதைக்கூடப் பார்க்காமல் ஒருமுறை ஆறு டேங்கை ஏற்றிக்கொண்டு போனேன். தீவின் மறுகோடியில் போய் மாட்டிப் பார்த்தால் இரண்டில் அழுத்தம் 40 பார்தான், நிறைந்த டேங்கில் 200 பக்கம் இருக்க வேண்டும். காலி வரிசையிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கடையைக் குறை சொல்லி என்ன பயன்? எண்ணி ஏற்றியது நான்தான். அன்றிலிருந்து ரெகுலேட்டரோ தனி மீட்டரோ இல்லாமல் டேங்க் எடுக்கப் போவதில்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அழுத்தம் பார்த்த பிறகு, டேங்கின் தோள் பகுதியில் குத்தியிருக்கும் எண்களைப் பாருங்கள். நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். பல நாடுகளில் அது 5 ஆண்டுக்கு ஒருமுறை. உட்புறத்தைக் கண்ணால் பார்க்கும் சோதனை ஆண்டுதோறும், அதற்கு ஒட்டுச்சீட்டு இருக்கும். 1980களின் பிற்பகுதிக்கு முன் செய்த அலுமினியம் டேங்குகளில் 6351 என்ற கலவை புழங்கியது, அதில் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்ட கதைகள் உண்டு. அவ்வளவு பழசு கண்ணில் பட்டால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஓ-ரிங், வால்வில் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். வெடிப்போ தட்டையாகிப் போன இடமோ இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். அப்படியும் கரையில் வைத்து வால்வைத் திறந்ததும் ஒருநாள் "உஸ்ஸ்" என்று கேட்கும். பையில் நாலைந்து ஓ-ரிங்கும் பல் குத்தும் குச்சி ஒன்றும் இருந்தால் ஒரு நிமிட வேலை: மூடு, அழுத்தத்தை விடு, பழசைக் குச்சியால் நெம்பு, புதுசை விரலால் அமுக்கு. உலோக ஊசியால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும். இந்த ஓ-ரிங் கையில் இல்லாததால் பாதி நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக வாசனை. வால்வைக் கொஞ்சமாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய், புகை, ரப்பர் என்று எது வந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதனால் மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். பக்கத்தில் வண்டியோ ஜெனரேட்டரோ உறுமிக்கொண்டிருந்தால் அந்தக் கடை வேண்டாம். சின்ன கார்பன் மோனாக்சைடு மீட்டர்கள் விற்கின்றன. அடிக்கடி போகிறவர் வாங்கி வைப்பது வீண் செலவில்லை.

கடையில் 200 பார் காட்டியது, கரையில் 188 தான். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நிரப்பும்போது டேங்க் சூடாகும், ஆறினால் அழுத்தம் இறங்கும். டிகிரிக்கு 0.6 பார் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரியில் 200 காட்டியது 27 டிகிரிக்கு வந்ததும் 190 பக்கம் வந்து நிற்கும். தொட்டால் சுடுகிற டேங்கைக் கொடுத்தால், ஆறிய பிறகு மேலே கொஞ்சம் நிரப்பச் சொல்லலாம். நல்ல கடை முந்தின இரவே நிரப்பி வைத்திருக்கும். ஆறிய டேங்கிலேயே 170 காட்டினால் அது வேறு விஷயம், திருப்பிக் கொடுங்கள்.

வால்வை முழுக்கத் திறந்துவிட்டு ஒரு கால் சுற்று மூட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சரியா?

பழைய பழக்கம். இப்போது முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். திசை குழம்பி, மூடிய வால்வை யாராவது கால் சுற்று மட்டும் திறந்துவிட்டால் கரையில் மூச்சு நன்றாகத்தான் வரும், ஆழத்தில் திணறும். இறங்கும் முன் மீட்டரைப் பார்த்தபடியே நாலு முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. வழிகாட்டியோடு போனால் அவர் பின்னால் வந்து கை வைத்துப் பார்ப்பார். இங்கே உங்கள் ஜோடிதான் பார்க்க வேண்டும்.

ஒரு டேங்க் எவ்வளவு நேரம் வரும்? என் மனைவிக்கு அதிகம் வருகிறது, எனக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

கணக்குப் போடலாம். வாடகைக்கு அதிகம் கிடைப்பது 11 லிட்டர் அலுமினியம். 200 பாரில் 50 பாரைக் கையிருப்பாக விட்டால் 150 பார், அதாவது 1650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவர் ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் 12 மீட்டரில் கிட்டத்தட்ட 40 லிட்டர் இழுப்பார். 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 30 நிமிடம்தான்.

கரை டைவில் இதற்கு மேல் ஒரு விஷயம்: இறங்கின இடத்துக்கே திரும்ப வேண்டும். படகு வந்து பொறுக்கிக்கொள்ளாது. அதனால் சீக்கிரம் தீர்க்கிறவரின் மீட்டரை வைத்து இருவரும் திரும்புங்கள், அதாவது உங்களுடையது. 200 இல் தொடங்கினால் 130 இல் திரும்புவது எனக்குப் பழக்கம். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் வரும்போது அதுவே தள்ளிவிடும். ஏறும் இடத்தில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ இறங்கும் முன் திரும்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும்போது கரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

எப்போதும் எஃகு டேங்கில் டைவ் செய்தவன். அலுமினியத்துக்கு எடைக்கல் மாற்ற வேண்டுமா?

ஆமாம். 11 லிட்டர் அலுமினியம் நிறைந்திருக்கும்போது மூழ்கும், காலியானால் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். எஃகு அந்த அளவுக்கு மிதக்காது. இரண்டு கிலோ கூடுதலாகத் தொடங்கி, முதல் டைவ் முடிவில் 50 பாரோடு 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். கல்லும் பெல்ட்டும் வாடகையில் அடக்கமா என்பதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

வாடகைக் காரில் டேங்க் ஏற்றலாமா?

முதலில் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள். டேங்கும் ஈரச் சாமானும் கூடாது என்று எழுதியிருக்கும் இடங்கள் உண்டு. ஏற்றினால் படுக்கவைத்து, உருளாமல் அணைகொடுத்துக் கட்டுங்கள். ஒவ்வொன்றும் 17, 18 கிலோ. திடீர் பிரேக்கில் அது முன் இருக்கையை நோக்கித்தான் வரும். நிறுத்திவைத்தால் விழும், விழுந்தால் முதலில் அடிபடுவது வால்வு. மூடிய காரில் வெயிலில் மணிக்கணக்காக விடாதீர்கள். நிறைந்ததன் வால்வில் ஒட்டுத்தாள், காலியானதில் ஒன்றுமில்லை என்று அடையாளம் வைத்தால் அந்த 40 பார் கதை உங்களுக்கு நடக்காது.

டைவ் முடியும்வரை கார் ஆளில்லாமல் நிற்கும். பணம், போன், பாஸ்போர்ட் எதையும் அதில் வைக்காதீர்கள். சாவி எலக்ட்ரானிக் வகை என்றால் நீர் புகாத டப்பா வேண்டும். பழைய உலோகச் சாவி கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

சொந்த டேங்கை விமானத்தில் கொண்டு போனால் என்ன?

காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே பார்க்கும்படி கொண்டு போக வேண்டியிருக்கும். அதற்குமேல் எடைக் கட்டணம். வேண்டாம்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கேட்கலாமா?

சான்று இருந்தால் கேளுங்கள், நாளுக்கு மூன்று டைவ் செய்பவருக்கு அது உதவும். ஆனால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, நீங்களே டேங்கில் எழுதி ஒட்ட வேண்டும். கடைக்காரர் சொன்ன எண்ணை எழுதுவது அளந்ததாகாது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பில், அதிகபட்ச ஆழம் 32 சதவீதத்துக்கு 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28 மீட்டர். செங்குத்துச் சரிவு உள்ள தளத்தில் கீழே இன்னும் அழகாகத் தெரியும், அங்கேதான் இந்த எண் மறந்துபோகும்.

ஏதாவது ஆகிவிட்டால்?

அவசர ஆக்சிஜன் கடையில் இருக்கிறதா, உங்களுக்கு வாடகைக்குத் தருவார்களா, டைவிங் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தீவிலேயே இருக்கிறதா, இல்லை என்றால் எங்கே என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டைவிங் காப்பீட்டில் தீவை விட்டு வெளியேற்றும் செலவு அடங்கியிருக்க வேண்டும். எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்; விடுதி வரவேற்பில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தால்கூடப் போதும்.

கடைசி நாள் காலை ஒரு டைவ் போட்டுவிட்டு இரவு விமானம் பிடிக்கலாமா தம்பி? டேங்குக்குக் காசு கட்டியாயிற்றே.

வேண்டாம் ஐயா. பல நாள் தொடர்ந்து டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி என்பதுதான் டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது. வாடகையை ஒரு நாள் முன்னதாகவே முடியும்படி பேசுங்கள். அந்தக் கடைசி நாளில் சாமானை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, டேங்குகளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒன்றையும் சுத்தமாகக் காலி செய்து கொடுக்காதீர்கள், ஈரம் உள்ளே புகும். 30 பாராவது விடுங்கள். எத்தனை எடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகு வைப்புத்தொகையைக் கேளுங்கள்.