தலைவர் பிறந்த வீட்டுக்குத் தகரம் போடலாமா?

வணக்கம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் உங்கள் பாட்டனாரின் சின்ன வீடு ஓர் அரசியல் தலைவர் பிறந்த இடம் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்துவிட்டதாம், ஒழுகும் ஓடுகளைக் கழற்றித் தகரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

முதலில் அந்த வர்த்தமானியை எடுத்துப் பாருங்கள், ஊர்ப்பேச்சை நம்ப வேண்டாம். இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். அறிவித்த பிறகும் வீடு உங்களுடையதுதான். ஆனால் திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

தொல்பொருள் திணைக்களம் கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது. காணி உறுதியும் கூரையின் உள்ளும் புறமும் எடுத்த படங்களும் கொண்டு போங்கள். தகரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்! உடைந்த ஓட்டுக்கு அதே மாதிரி ஓடு, ஓட்டைத் தாங்கும் உக்கிய மரச் சலாகைக்குப் புதுச் சலாகை என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், சுவர். சீமெந்து பூச விடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும். எங்கள் பெரியம்மா வீட்டில் மேசனின் பேச்சைக் கேட்டுப் பூசினோம். இரண்டு மாரிக்குள் சுவர் பொருமி விழுந்தது.

விருதுநகரில் காமராசர் வீடும் சிறியதுதான். அந்தச் சிறுமைதானே பார்க்கப் போகிறவர்களை நிற்க வைக்கிறது?

அனுமதி வரும்வரை ஒரு படங்கை (தார்ப்பாயை), ஆணி அடிக்காமல், கூரைமேல் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.